ஐரோப்பியப் பழைய வாட்போரும் திருகோணமலைத் துறைமுகமும்

தமிழ் இலக்கியம் கற்போருக்கு வாள் புதிய பொருளன்று. போருக்கு எழுமுன் நன்னாள் பார்த்து வாளைப் புறவீடு விடுதலை வாணாட்கோள் என்றும், வாளுக்கு நீராட்டிச் சிறப்புச் செய்தலை வாண்மங்கலம் என்றும் நம் புறப்பொருள் நூலார் துறை வகுத்தனர். வாளேந்தியவனின் மறமும் வாளால் வீழ்ந்தவனின் புகழும் சங்கச் செய்யுள்களில் நிறைந்து கிடக்கின்றன. ஆயினும், அந்த வாளைப் பற்றிய கையிற் கட்டைவிரல் எவ்விடத்திற் பதிந்தது, வெட்டு வீசப்படுகையில் எக்கால் முன்வந்தது, இரு வாள்களும் மோதியபின் அடுத்த கணத்தில் வீரன் என் செய்தான் என்று வினவுவோமாயின் அந்நூல்கள் விடை தாரா. அது அவற்றின் குறையுமன்று; அவை மறத்தைப் பாடவந்த நூல்களேயன்றிப் பயிற்சி கூறவந்தவை அல்ல. இவ்வினாக்களுக்கே விடை கூறுவதற்கென்று எழுதப்பட்ட நூல்கள் ஐரோப்பாவிற் பல உள. அவற்றைக் கையிற் கொண்டு, வழக்கிறந்த வாட்போர் முறைகளை மீண்டும் உடலாற் பயிலும் பொழுதுபோக்கு விளையாட்டொன்று அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளது. அதன் இயல்பை விளக்குவதும், ஐரோப்பிய வாள்கள் பல வந்திறங்கிய திருகோணமலைத் துறைமுகத்தின் நிலையிலிருந்து அதனை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், இவ்விளையாட்டு எது அன்று என்பதைத் தெளிதல் நன்று. 1896 முதல் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுவரும் வாள்வீச்சு இதுவன்று. ஒலிம்பிக் வாள்வீச்சிற் கருவிகள் மூவகைப்படும். அவற்றுள் மிகக் கனமானதும் 770 கிராமுக்கு மேற்படலாகாது. வீரர் இருவரும் ஒடுங்கிய நீண்ட தளத்தில் முன்னும் பின்னுமாகவே இயங்குவர். வாள் பட்டதை மின்கருவி அறிவிக்கும். சென்னையிற் பிறந்த பவானி தேவி, 2021 இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டின் சேபர் பிரிவிற் கலந்துகொண்டு, இந்தியாவிலிருந்து அத்தகுதி பெற்ற முதல்வரானார். 2023 இல் ஆசியப் போட்டியில் வெண்கலப் பதக்கமும் வென்றார். தமிழர் இன்று வாள்வீச்சு என்றவுடன் அவரையே நினைப்பது இயல்பு. நாம் கூறவந்த விளையாட்டு அதற்கு உறவுடையதெனினும் வேறானது. பழைய உடை அணிந்து போர்க்காட்சிகளை நடித்துக் காட்டும் வழக்கமும் மேனாடுகளில் உண்டு, அதுவும் இதுவன்று. இவ்விளையாட்டினர் பழைய உடை அணிவதில்லை. மாலையிற் பணி முடிந்தபின் பாடசாலை மண்டபமொன்றிற் கூடி, 14 ஆம் நூற்றாண்டு முதல் 19 ஆம் நூற்றாண்டு வரை எழுந்த வாட்போர் நூல்களுள் ஒன்றை விரித்துவைத்து, அதிற் கூறியவாறு மழுங்கிய உருக்கு வாளாற் செய்து பார்த்து, பின் அம்முறையிலேயே ஒருவரோடொருவர் மோதிப் பார்ப்பர். எழுத்தர், தச்சர், மாணவர், மருத்துவர் எனப் பல தொழிலினரும் இதில் உளர். ஆண்களும் பெண்களும் உளர்.

இம்முயற்சியின் தொடக்கம் இங்கிலாந்தில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. எகெர்ட்டன் காசில் என்னும் நாவலாசிரியர் வாட்போர்ப் பள்ளிகளின் வரலாற்றை 1885 இல் நூலாக வெளியிட்டார். அவருடைய நண்பர் அல்பிரட் ஹட்டன், இந்தியாவிற் படைப்பணி புரிந்த காலத்திலேயே வாட்பயிற்சிக் கழகம் அமைத்தவர். 1889 இலும் 1892 இலும் பழைய முறைகள் பற்றி நூல்கள் எழுதியதோடு, மேடைகளில் அவற்றைச் செய்தும் காட்டினார். அவர்கள் காலத்துடன் அவ்வார்வம் மங்கியது. 1990 களிற் கையெழுத்துப் படிகளின் நிழற்படங்கள் எளிதிற் கிடைக்கத் தொடங்கியபோதுதான் அது மீண்டும் தழைத்தது. சுவீடனின் கொதன்பேர்க் நகரில் 2006 முதல் நடைபெற்றுவந்த போட்டி பெயர்பெற்றது. நாடுகளின் சங்கங்களை இணைக்கும் கூட்டமைப்பு 2014 இல் உருவாயிற்று.

இந்நூல்களின் அமைப்பே தமிழ் மாணவர்க்கு மிகுந்த சுவை பயப்பதாகும். யேர்மன் மொழி வழங்கிய நாடுகளில் 14 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோகான்னஸ் லீக்டனாவர் என்னும் ஆசான் தம் கலை முழுவதையும் எதுகையமைந்த ஈரடிச் செய்யுள்களில் அடக்கினார். அச்செய்யுள்கள் வேண்டுமென்றே இருண்மையாக யாக்கப்பட்டவை. ஆசானிடம் கேட்டவனுக்கு அவை நினைவூட்டும். கேளாதவனுக்கு ஒன்றும் சொல்லா. நூற்பாவைப் போலக் காணப்பட்ட அவற்றுக்கு 15 ஆம் நூற்றாண்டிற் சிலர் உரை எழுதினர். சிக்மண்ட் ரிங்கெக் என்பாரின் உரை ஒன்று; 1452 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியொன்றில் உள்ளதும், பெயரறியப்படாதவர் ஒருவர் இயற்றியதுமான உரை மற்றொன்று; லெவ் என்பார் பெயரால் வழங்குவது பிறிதொன்று. ஒரே அடிக்கு ஓர் உரைகாரர் ஒரு பொருளும் பிறிதோர் உரைகாரர் சற்று வேறான பொருளும் கூறுவர். ஒருவர் விரித்ததை மற்றவர் விடுவர். இளம்பூரணரையும் சேனாவரையரையும் நச்சினார்க்கினியரையும் அருகருகே வைத்துக் கற்றுப் பழகிய நமக்கு இந்நிலை புதிதன்று. வாட்பயிற்சிக்கு வந்த எந்திரத் தொழிலாளி ஒருவர் உரைவேறுபாடு பற்றி மணிக்கணக்கில் வாதாடுவது வெளியார்க்கு விந்தையாகத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவேண்டியதில்லை.

லீக்டனாவர் மரபிற் காவல்நிலைகள் நான்கு. வாளைத் தலையருகே உயர்த்தி அதன் நுனியை எதிரியின் முகத்துக்கு நேரே நீட்டுவது எருது எனப்படும். அதன் கொம்பை நினைந்து இட்ட பெயர். இடுப்பருகே கைப்பிடியை வைத்து நுனியை மேல்நோக்கி நீட்டுவது கலப்பை. நுனியைத் தரைநோக்கித் தாழ்த்தி, தற்காப்பற்றவன்போல நிற்பது பேதை. வெட்டுதற்கு ஆயத்தமாக வாளைத் தோளின் மேலோ தலைக்கு மேலோ உயர்த்தி நிற்பது நான்காவது நிலை. எருதும் கலப்பையும் வீரர் உலகத்துச் சொற்கள் அல்ல, வயற்புறத்துச் சொற்கள். கற்பவன் முன்னமே அறிந்த ஒன்றின் வடிவத்தைக் கொண்டு அறியாத நிலையை நினைவிற் பதிக்கும் உத்தி இது. இத்தாலியரான பியோரே டெய் லிபெரி 1410 அளவில் இயற்றிய நூலில் இவ்வுத்தி வேறு வகையில் அமைந்துள்ளது. அதில் ஒரு மனித உருவைச் சுற்றி நான்கு விலங்குகள் வரையப்பட்டுள்ளன. காட்டுப்பூனை இனத்ததாகிய லிங்ஸ் மதிநுட்பத்தையும், புலி விரைவையும், அரிமா துணிவையும், கோபுரத்தைச் சுமந்து நிற்கும் யானை நிலைபேற்றையும் குறிக்கும்.

நூலிலிருந்து உடலுக்குச் செல்லும் வழி எளிதன்று. எடுத்துக்காட்டாக, அம்மரபின் ஐந்து சிறப்பு வெட்டுக்களுள் குறுக்கு வெட்டு என்பது ஒன்று. மேலிருந்து வரும் வெட்டைத் தடுத்துக்கொண்டே எதிரியின் தலையைப் பக்கவாட்டில் வெட்டுவது அதன் பயன். வாளின் கைப்பிடியைத் தலைக்கு முன்னே உயர்த்தி, கட்டைவிரல் கீழே வருமாறு திருப்புக என்பது உரையிற் கண்ட கருத்து. கீழே என்றால் எதன் கீழே? கைப்பிடியின் கீழேயா, குறுக்குக் காவலைத் தாண்டி அலகின் தட்டைப் பக்கத்தின் கீழேயா? சொல்லை மட்டும் நோக்கின் இரண்டும் பொருந்தும். இருவர் வாளேந்தி நின்று செய்து பார்க்கும்போது, அலகின் தட்டையிற் கட்டைவிரல் பதிந்தாலொழியக் கைகள் முறுக்குண்டு வெட்டு வலுவிழப்பதைக் காண்கிறார்கள். பெரும்பாலோர் இரண்டாம் பொருளைக் கொண்டமைக்கு அதுவே காரணம். இங்கு இலக்கணமும் அகராதியும் தீர்க்காத ஐயத்தை மணிக்கட்டு தீர்க்கிறது. இத்தகைய சோதனை உரையியலுக்கு ஒரு புதிய அளவை என்றே நாம் கருதுகிறோம். எனினும் அளவுக்கு மீறி அதனை நம்புதலும் ஆகாது. உடலுக்கு எளிதாயிருப்பது ஒன்றினாலேயே பழையோரும் அவ்வாறே செய்தனர் என்று துணிய முடியாது. பழையோரின் உடல் பழகிய தொழில்கள் வேறு. அவர்தம் காலணியும் தரையும் வேறு.

கருவிகளைப் பற்றிச் சில சொற்கள். இரு கையாற் பிடிக்கும் நெடுவாள் பத்துக் கிலோ எடையுடையது என்று திரைப்படம் பார்த்தோர் எண்ணுவர். எஞ்சியுள்ள பழைய நெடுவாள்கள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை அண்மியவை; பயிற்சி வாள்களும் அவ்வாறே. பயிற்சி வாளின் அலகு மெல்லியது. குத்தும்போது வளையும்படி அமைந்தது. விளிம்பு தடித்தும் நுனி உருண்டும் இருக்கும். இதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. யேர்மனியின் வாட்போர்க் கழகங்களில் 15, 16 ஆம் நூற்றாண்டுகளிலேயே இத்தகைய பயிற்சி வாள் வழங்கியது. அக்கழகங்களுள் ஒன்றுக்குப் பேரரசர் மூன்றாம் பிரெட்றிக் 1487 இல் தனியுரிமைப் பட்டயம் வழங்கினார். இன்று பயில்வோர் கம்பிவலை முகமூடி, கழுத்துக் காப்பு, தடித்த கையுறை, முழங்கை முழங்காற் காப்புகள், பஞ்சு பொதிந்த மேலங்கி ஆகியவற்றை அணிவர். மேலங்கியின் துணி 350 அல்லது 800 நியூற்றன் விசையைத் தாங்குமாறு சோதிக்கப்பட்டிருக்கும். விரல்களே மிகுதியும் ஊறுபடும் உறுப்பு; ஆகவே புதிதாகச் சேர்பவர் வாளுக்கு முன்னே கையுறையை வாங்குவதே முறை. இவ்வளவையும் குளிர்நாட்டு மண்டபத்தில் அணிந்து ஒரு மணிநேரம் ஆடலாம். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் திருகோணமலைக் கடற்கரையில் இதனை அணிந்து பத்து நிமிடம் நிற்றலும் அரிது. இங்கு இதனைப் பயில விரும்புவோர் விடியற்காலையையே நாடவேண்டும்.

இவ்விளையாட்டினுள்ளே தீராத சிக்கல் ஒன்று உண்டு. உயிருக்கு அஞ்சியவன் எவ்வாறு போரிட்டான் என்பதை, உயிருக்கு அஞ்சவேண்டாத ஒருவன் போரிட்டு அறியமுயல்கிறான். மெய்ப்போரில் எதிரியை வெட்டித் தானும் வெட்டுப்படுதல் வெற்றியாகாது. போட்டியிலோ, புள்ளி ஒன்று கிடைக்குமாயின் வெட்டுப்படுதலைப் பொருட்படுத்தாது முன்பாயும் மனநிலை எளிதில் உண்டாகும். இருவரும் ஒருங்கே படுதல் மிகுந்தால் அது வாட்போர் ஆகாது, தற்கொலைப் பந்தயமாகும். இதனைத் தடுக்கப் பலவகை விதிகள் வகுத்துள்ளனர். வெட்டியவனைப் பட்டவன் உடனே திருப்பி வெட்டினால் முன்னவனின் புள்ளியைக் குறைப்பது ஒன்று. இருவரும் ஒருங்கே படுதல் குறித்த எண்ணிக்கையைத் தாண்டினால் இருவரையும் தோற்றவராக்குவது மற்றொன்று. எவ்விதியும் அச்சத்துக்கு ஈடாகவில்லை. யோவாக்கிம் மேயர் 1570 இல் ஸ்திராஸ்பூர்க்கில் வெளியிட்ட நூலில் நெடுவாட் குத்துகள் பெரிதும் ஒதுக்கப்பட்டுள்ளன. நகரத்தார் நட்புப் போட்டிகளிற் குத்துதல் விலக்கப்பட்டிருந்தமையே காரணம். அக்காலத்திலேயே விளையாட்டு கலையை மாற்றத் தொடங்கிவிட்டது என்பது இதனாற் புலனாகும்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். இத்துறைமுகத்துக்கு ஐரோப்பிய வாள்கள் வந்த வரலாறு நீண்டது. 1620 இல் ஓவெ யெட்டே தலைமையில் தென்மார்க்குக் கப்பல்கள் வந்தன. கோணேசர் கோயிலை இடித்துப் பெற்ற கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் 1624 இற் கோட்டை எழுப்பினர். 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1672 இற் பிரான்சியக் கப்பற்படை கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே இத்துறைமுகம் இருமுறை கைமாறியது. சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆகத்து இறுதியில் ஆங்கிலேயரிடமிருந்து பிரான்சியத் தளபதி சுப்ரெனும் கைப்பற்ற, செத்தெம்பர் 3 ஆம் நாள் கடற்போர் நிகழ்ந்தது. அப்போரின் பெயரைத் தாங்கி 1817 இல் மும்பையில் தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட ‘திரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கின்றது. 1795 இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர் கோட்டைக்கு 1803 இற் பிரெட்றிக் எனப் பெயரிட்டனர். அவர்தம் கடற்படை 1957 இல் இத்தளத்தை விட்டு அகன்றது.

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டால், இத்துறைமுகத்தை நினைந்து பழைய வாட்போர் பயில்வோர் எதனைப் பயிலவேண்டும் என்ற வினா எழும். உலகெங்கும் இவ்விளையாட்டினர் மிகுதியும் விரும்புவது யேர்மானிய நெடுவாளையே. அதற்குக் காரணம் நூல்களின் மிகுதியும் படங்களின் அழகும் ஆகலாம். ஆனால் லீக்டனாவரின் நெடுவாள் திருகோணமலைக்கு வந்த வாளன்று. இங்கு வந்தவை எவை என்று நோக்கின், முதலிற் கருதத்தக்கது போர்த்துக்கேயரின் வாட்போரே. அதற்கு நேரான நூலும் கிடைத்துள்ளது. தொமிங்கோ லூயிஸ் கொதீன்யோ என்பவர் 1599 இல் எழுதிய கையெழுத்து நூலில் ஒற்றை வாள், வாளும் குத்துவாளும், வாளும் சிறு கேடயமும், வாளும் வட்டப் பரிசையும், இரட்டை வாள் என்பவற்றோடு மொந்தாந்தே என்னும் பெருவாளும் கூறப்பட்டுள்ளன. திருகோணமலைக் கோட்டைக்குக் கால்நூற்றாண்டு முந்திய நூல் இது. கோட்டையை எழுப்பிய படையினருள் மூத்தோர் இளமையிற் கற்ற முறை ஏறத்தாழ இதுவாகவே இருந்திருத்தல் கூடும்.

மொந்தாந்தே பற்றித் தியோகோ கோமஸ் பிகெய்ரேதோ 1651 இல் எழுதிய சிறு நூல் இன்னும் சிறப்புடையது. ஆள்மட்டத்தை எட்டும் இப்பெருவாள் ஒருவனோடு ஒருவன் பொருதற்கு மட்டும் உரியதன்று. பலரை ஒருவன் விலக்கி நிறுத்துதற்கு உரியது. ஆதலின் அந்நூல் இடத்துக்கேற்ப விதி கூறுகின்றது. ஒடுங்கிய தெருவில் நிற்பவன் எவ்வாறு வீசுவது, முன்னும் பின்னும் பகைவர் வந்தால் எவ்வாறு திரும்புவது, துடுப்புக் கப்பலின் நடுவே உள்ள நடைபாதையைக் காப்பவன் எவ்வாறு காலெடுத்து வைப்பது என்றெல்லாம் அது வகுத்துரைக்கின்றது. கப்பலின் நடைபாதையில் நிற்பவன் பக்கவாட்டில் விரிய வீசமுடியாது என்பதை, துறைமுகத்தில் தோணிப் பலகைமேல் நடந்து பழகிய எவரும் எளிதில் உணர்வர். போர்த்துக்கேயர் இலங்கையை இழந்தது 1658 இல். ஆகவே இந்நூல் எழுந்தபோதும் அவர் இத்தீவில் இருந்தனர்.

ஒல்லாந்தர் காலத்துக்கு ஜிரார் திபோ என்பார் லெய்டன் நகரில் அச்சிட்ட பெருநூல் உண்டு. வட்டமும் நாண்களும் வரைந்து வடிவகணித முறையில் வாட்போரைக் கற்பிக்கும் அந்நூல் செல்வர் அரங்குக்கு உரியது; கம்பனியின் கூலிப்படையாள் அதனைக் கண்டிருப்பான் என்று நம்புதற்கில்லை. ஆங்கிலேயர் காலத்திற் கலை சுருங்கிப் பயிற்சி ஒழுங்காயிற்று. லெ மார்ஷான்ட் 1796 இல் குதிரைப்படைக்கு வகுத்த வாட்பயிற்சி விதிகளும், ஆஞ்செலோ குடும்பத்தார் காலாட்படைக்கும் கடற்படைக்கும் வகுத்தவையும் ஆறேழு வெட்டுக்களையும் அவற்றுக்குரிய தடைகளையும் எண்ணிட்டுக் கற்பிப்பவை. பகைக்கப்பலில் ஏறுதற்குரிய குறுவாள் ஆங்கிலக் கடற்படையில் 1936 வரை இருந்தது. அவர்தம் கிழக்கிந்தியத் தளமாக விளங்கிய திருகோணமலையிலும் அக்குறுவாட் பயிற்சி நிகழ்ந்தது எனக் கொள்வதில் தடையில்லை. வாளின் பயன் ஒழிந்தும் அணி ஒழியவில்லை. திருகோணமலையிலுள்ள கடற்படைக் கல்லூரியிற் பயிற்சி முடிக்கும் அதிகாரிகள் இன்றும் வாளேந்தி அணிவகுக்கின்றனர். ஆங்கிலேயர் முறைகள் எளியவையாதலின், தொடங்குவோர்க்கு அவையே ஏற்றவை. ஆயினும் ஆய்வுக்குக் கொதீன்யோவும் பிகெய்ரேதோவுமே விருந்து என்பது எம் கருத்து.

ஒன்றை மறைத்தல் ஆகாது. இத்துறைமுகத்தின் விதியை வாள் தீர்மானித்த காலம் குறுகியது. பீரங்கியும் துவக்குமே கோட்டைகளை வீழ்த்தின. 1660 இற் கொட்டியாரத்தில் றொபேட் நொக்சும் அவர் தந்தையும் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டது சூழ்ச்சியாலேயன்றி வாளாலன்று. வாள் மதிற்பிளவிலும் கப்பல் தட்டிலும் இரவுத் தாக்குதலிலும் மட்டுமே பேசியது.

ஆனால் அது பேசியபோது எதிரே நின்ற வாள் என்ன மறுமொழி கூறியது? இங்குதான் நம் சிக்கல் தொடங்குகின்றது. போர்த்துக்கேயன் கற்றதை 1599 ஆம் ஆண்டு நூல் கூறுகின்றது. அவனை எதிர்த்த கண்டிப் படையாளும், கொட்டியாரம் தம்பலகாமம் பகுதிகளின் வன்னிபங்களின் கீழ் நின்ற தமிழ்ப் படையாளும் கற்றதைக் கூற நூலில்லை. ஈருரையாடலில் ஒருவர் பேச்சு மட்டும் எழுத்தில் எஞ்சியுள்ளது. மற்றவர் பேச்சுக்கு இருப்பவை தடயங்களே. கஸ்தான என்னும் சிங்கள வாளின் கைப்பிடியில் விரற்காப்பும் வளைந்த குறுக்குக் கம்பிகளும் உள்ளன. ஐரோப்பிய வாளின் கைக்காப்பைப் பார்த்து அமைத்தவை அவை என்பர். இலங்கைத் தேசியக் கொடியிற் சிங்கம் ஏந்தி நிற்பது அவ்வாளே. ஸ்பெயினுக்கும் உரோமாபுரிக்கும் தூதுசென்று 1620 இல் யப்பான் மீண்ட அசெக்குரா கொண்டுவந்த பொருள்களுள்ளும் அவ்வகைப் படைக்கலம் ஒன்று உண்டு. இன்று செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. இந்தியாவில் ஐரோப்பிய அலகுக்கு உள்நாட்டுக் கைப்பிடி பொருத்திய வாள் பிரங்கி எனப்பட்டது. நம் பறங்கி என்ற சொல்லின் உறவுச் சொல் அது. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்ற வாள்களிலும் ஐரோப்பிய அலகுகள் உள்ளன. இரும்பு கைமாறியது, கைப்பிடி மாறியது. சொல்லோ மாறவில்லை போலும். கதிரை, அலுமாரி, சப்பாத்து என வீட்டுப் பொருட்களின் பெயர்களைப் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்ற ஈழத்துத் தமிழில் வாட்போர்க் கலைச்சொல் ஒன்றும் தங்கியதாகத் தோன்றவில்லை. வாளாசான் பிறன் வாளாசானிடம் பாடங்கேட்கும் நிலை இங்கு இருக்கவில்லை என்பதற்கு இது ஒரு குறிப்பாகலாம்.

எழுதும் பழக்கம் இல்லாமையாலன்று இக்குறை. கோணேசர் கல்வெட்டு கோயிற் பணிகளை ஒவ்வொன்றாக வகுத்து, எப்பணி எக்குடிக்கு உரியது என்று விரித்துரைக்கின்றது. தொழிலை எழுத்தில் நிறுத்தும் ஆற்றல் இம்மண்ணில் இருந்தது. போர்த்தொழில் அவ்வெழுத்துக்குள் வரவில்லை. எழுதியவிடத்தும் எழுதியது போதாமை உண்டு. வடமொழி அக்கினி புராணம் வாளும் கேடயமும் கொண்டு இயங்கும் வகைகள் முப்பத்திரண்டு எனப் பெயர்களை அடுக்குகின்றது. பெயர்கள் உள்ளன, காலும் கையும் எவ்வாறு இயங்கின என்ற விளக்கம் இல்லை. அப்பட்டியலைக் கொண்டு ஓர் அசைவையும் மீட்டெடுத்தல் இயலாது. லீக்டனாவரின் செய்யுள்களும் உரைகாரர் தோன்றாவிடின் இந்நிலையையே அடைந்திருக்கும். கண்டி நாட்டு அங்கம்பொரவில் சுதாளிய, மருவள்ளிய என இரு பள்ளிகள் போட்டியிட்டன என்பது மரபு. அப்பள்ளிகளின் வேறுபாடு இன்னது என்று எடுத்துக்காட்ட ஓர் உரைநூல் இருக்குமாயின் நம் அறிவு எவ்வளவோ விரிந்திருக்கும்.

இருப்பினும் ஐரோப்பியர்க்கு இல்லாத செல்வம் ஒன்று நமக்கு உண்டு. அவர்களிடம் நூல் உண்டு, ஆசான் இல்லை. நம்மிடம் நூல் இல்லை, ஆசான் உளர். கிழக்கிலங்கையின் தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் சிலம்படி, சீனடி என வழங்கும் கலைகள் ஆசிரியனிடமிருந்து மாணவனுக்குக் கைவழியாகவே வந்துள்ளன. சிலம்பத்தில் நெற்றிமட்டக் கம்பே முதற் கருவியெனினும், வாளும் கேடயமும் மான்கொம்பும் சுருள்வாளும் அதன் பிற்படிகளாகத் தமிழகத்திற் கற்பிக்கப்படுகின்றன. வடமோடிக் கூத்தின் போர்க்காட்சிகளில் அரசரும் வீரரும் வாளேந்தி ஆடும் ஆட்டத்திலும் பழைய அடிவைப்புகள் ஒடுங்கியிருக்கக் கூடும். ஆயினும் கூத்தின் தாளம் போரின் தாளமன்று, இரண்டையும் மயக்குதல் பிழையாகும். இவ்வாசான்மாருள் எழுதிவைத்தோர் சிலரே. முப்பதாண்டுப் போரும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இக்கடற்கரை ஊர்களைக் குலைத்தன; குடிபெயர்ந்தவர் பலர். ஆசான் ஒருவர் மறைந்தால் ஐரோப்பியர் இழந்ததையும் விட நாம் இழப்பது மிகுதி. அவர்களுக்கு ஏட்டிலிருந்து மீளும் வழியேனும் இருந்தது.

கைவழிக் கலையைப் பல்கலைக்கழகம் ஏற்றுப் பதிந்ததற்கு நம்மிடையே முன்மாதிரி உண்டு. 1960 களிற் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு கர்ணன் போர், இராவணேசன் முதலான கூத்துக்களை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். கூத்து ஏட்டுச் சுவடிகளையும் அச்சேற்றினார். அங்கு மாணவர் பார்வையாளராக நில்லாது ஆடினர். ஆடியவருக்குத் தெரிந்தது, இருந்து எழுதியவருக்குத் தெரியாது. ஐரோப்பிய வாட்போர் விளையாட்டினரும் கண்ட உண்மை இதுவே. அவர்களிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது அவர்களின் வாளைவிட அவர்களின் வினாவும் முறையே எனலாம்.

அம்முறையை ஓர் ஆசானிடம் எடுத்துச் செல்வோர் எவற்றைக் குறிப்பர்? அசைவின் பெயர் முதலில். அப்பெயர் ஊருக்கு ஊர் வேறாயின் அவ்வேறுபாடும். தரையிற் சுண்ணாம்பாற் கட்டமிட்டு, எக்கால் எக்கட்டத்திலிருந்து எதற்குச் சென்றது என்பது அடுத்து. முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் இரு படக்கருவிகள் வைத்தல் நலம். ஒரு பக்கத்துப் படம் தூரத்தை மறைக்கும். அசைவு எதற்கு மறுமொழியாக எழுந்தது என்பதை எதிராளியுடன் செய்யச் சொல்லியே அறியவேண்டும். தனித்து வீசுகையில் அழகுக்காக விரிந்த வீச்சு எதிராளி நிற்கும்போது சுருங்குவதுண்டு. ஐரோப்பியருள் ஒரு மரபினர் முந்துதல், பிந்துதல், அக்கணம் என மூன்று காலங்களைப் பிரித்து, வாளொடு வாள் படும்போது எதிரியின் வலிமையைக் கையால் உணர்தலையும் தனியே கூறினர். கம்பொடு கம்பு படும்போது ஆசான் எதனை உணர்கிறார், அதற்கு அவர் வழங்கும் சொல் யாது என்பது கேட்கத்தக்கது. லீக்டனாவர் தம் குறுகிய செய்யுள்களிலும் இடக்கையனுக்கு ஓரிடம் ஒதுக்கினார். இடக்கைப் பழக்கமுள்ள மாணவன் வந்து நின்றால் அடிவரிசையை அப்படியே திருப்பிக் கற்பிப்பதா, அன்றி வலக்கைக்கே அவனைப் பழக்குவதா என்று ஆசானைக் கேட்டு, அவர் கூறியதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும்.